முனீஸ்வரருக்குக் காட்டிய முதல் வெளிச்சம்

இதை எழுத வேண்டும் என்று நினைக்க ஆரம்பித்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. வெள்ளிக்கிழமை விளக்கேற்றி முடித்துவிட்டு உட்காருவேன். நாலு வரி எழுதுவேன். அம்மா உயிரோடு இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். தாளை மடித்துச் சாமி மேடைக்கு அடியில் வைத்துவிட்டுச் சமையலைப் பார்க்கப் போய்விடுவேன். சாமியைக் குறை சொல்கிறாள் என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற பயமும் இருந்தது. போன வருடம் அம்மாவும் போய்விட்டார். இனி மறைத்து யாருக்கு நல்லது? நான் படிவம் மூன்றோடு படிப்பை நிறுத்தியவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததில் பிழை இல்லாமல் சொல்ல வேண்டும் என்று முனீஸ்வரரை வேண்டிக்கொண்டுதான் தொடங்குகிறேன்.

அப்போது நாங்கள் கெலுகோரில் ஓர் அடுக்குமாடி வீட்டில், மூன்றாவது மாடியில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. அப்பாவிடம் ஒரு வெள்ளை வேன் இருந்தது. பாயான் லெப்பாஸ் பக்கம் இருந்த ஒரு தொழிற்சாலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போவதும், வேலை முடிந்தவர்களைத் திரும்பக் கூட்டி வருவதும்தான் அவருடைய தொழில். காலையில் ஒரு நடை. சாயங்காலம் பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு கேட்கும் நேரத்தில் ஒரு நடை. அந்த வேன் ஓடினால் எங்கள் அடுப்பு எரியும்.

காலை நடையில் அப்பா பாட்டுக் கேட்டுக்கொண்டே ஓட்டுவார். சாயங்கால நடைக்குக் கிளம்பும்போது முகம் மாறிவிடும். வேனில் விளக்கு மங்கல் என்பது அவருடைய ஓயாத குறை. பல்பை மாற்றினார். பிறகு அதைவிடப் பெரிய பல்பாகப் பார்த்து மாற்றினார். ஞாயிற்றுக்கிழமைகளில் பற்பசையைப் பிதுக்கி, பழைய துணியால் விளக்குக் கண்ணாடியை வட்ட வட்டமாகத் தேய்ப்பார். எனக்கு அந்தக் கண்ணாடி பளிங்கு மாதிரி தெரியும். அவர் மட்டும் எழுந்து நின்று, "என்ன எழவு கண்ணாடியோ, பாசி புடிச்ச மாதிரியே இருக்கு" என்பார்.

அந்த மழைக்காலத்தில் அடுத்தடுத்து இரண்டு காரியம் நடந்தது. நிறுத்தி வைத்திருந்த ஒரு லோரியில் உரசிப் பக்கக் கண்ணாடி உடைந்தது. பிறகு ஒருநாள் சாலையோரத்து லோங்காங் சாக்கடையில் முன்சக்கரம் இறங்கி, உள்ளே இருந்த பெண்கள் எல்லாம் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். அவர்களில் எங்கள் புளோக்கிலேயே இருந்த ஓர் அக்கா, மற்றவர்களுக்கும் சேர்த்துப் பேசுகிறவர், அன்றைக்கு வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா நாங்க வேற வேன் பாத்துக்குவோம். எங்களுக்கும் பிள்ளகுட்டி இருக்கு லா."

"லைட்டுதான்மா சரியில்ல. இந்த வாரத்துல புது லைட்டு போட்டுர்றேன்" என்றார் அப்பா.

அந்த அக்கா போன பிறகு அம்மா உப்பும் மிளகாயும் எடுத்துக்கொண்டு கீழே போய், வேனைச் சுற்றிவிட்டு வந்து அடுப்பில் போட்டார். மிளகாய் கமறவில்லை. அப்படியென்றால் கண் பட்டிருக்கிறது என்று அர்த்தம். யாருடைய கண் என்பதைப் பற்றி அம்மா வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்.

அப்பாவின் கண்ணைப் பற்றி ஒருவரும் நினைக்கவில்லை. நினைக்கவும் காரணம் இல்லை. லைசென்ஸ் புதுப்பிக்கப் போனபோது சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளைக் கடைசி வரி வரைக்கும் படித்துக் காட்டிவிட்டு வந்தவர் அவர். செய்தித்தாளில் இருக்கும் பொடி எழுத்தைக் கண்ணாடி இல்லாமல் படிப்பார்.

புது விளக்குப் போட வந்தவர் என் மாமா. அம்மாவுடைய தம்பி. கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில் கார் விளக்கு, ஹாரன், ரேடியோ மாட்டிக் கொடுக்கிற ஒரு கடையில் வேலை செய்தார். கல்யாணம் ஆகாதவர். வாய் ஓயாதவர். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பெர்ரியில் இந்தப் பக்கம் வந்து, தோளில் ஒரு பையோடு படியேறினார். பையில் தட்டு மாதிரி உருண்டையாக இரண்டு விளக்குகள், சுருட்டிய வயர், ஒரு சுவிட்ச், தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு கறுப்பு டப்பா.

கீழே கார் நிறுத்துமிடத்தில் வேனின் முன்பக்கத்தைத் திறந்து போட்டு வேலையை ஆரம்பித்தார்கள். நான் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சுவிட்ச்ல இருந்து நேரா லைட்டுக்கு வயர இழுத்துடேன் மாப்ள. எதுக்கு நடுவுல இந்த டப்பா?" என்று அப்பா கேட்டார்.

"நேரா இழுத்தா சுவிட்ச் கருகிப் போயிடும் மச்சான். இந்த ரெண்டு லைட்டு குடிக்கிற கரண்ட அது தாங்காது. சுவிட்சு முதலாளி மாதிரி, விரல மட்டும் ஆட்டுவாரு. பேட்டரியில இருந்து மூட்டைய தூக்கிக்கிட்டு ஓடுறது இந்த ரிலேதான்."

"அப்ப உங்கக்கா சுவிட்சு. நான் ரிலே."

காப்பி எடுத்துக்கொண்டு இறங்கிவந்த அம்மாவின் காதில் அது விழுந்துவிட்டது. "ரிலேக்குக் காப்பி வேணுமா, இல்ல கரண்டே போதுமா?" என்றார். மூன்று பேரும் சிரித்தார்கள். மூன்று பேரும் சேர்ந்து சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி. அன்றைக்கு அது தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் நன்றாகப் பார்த்து வைத்திருப்பேன்.

வேலை முடிந்து சுவிட்சைத் தட்டியதும் அந்த டப்பாவுக்குள் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. புளோக்குக்கு அடியில் நிழலாக இருந்த சுவர் முழுக்க வெள்ளையாகிவிட்டது. அப்பா ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தார்.

"நடுவுல ஜோரா இருக்கு மாப்ள. ஓரம்தான் தெரியல."

மாமா திருகாணியைத் தளர்த்தி விளக்குகளைக் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திருப்பினார். "இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

"இப்ப?"

"ஓரம் இன்னும் இருட்டாத்தான் இருக்கு."

"மச்சான், இதுக்கு மேல திருப்பினா அடுத்த புளோக்குல யாரு என்ன துணி காயப் போட்டிருக்காங்கன்னு தெரியும். ரோடு தெரியாது."

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. "சரி, இருக்கட்டும். சாயங்காலம் சாமிகிட்ட காட்டிட்டு ஓட்டிப் பாப்போம்" என்றார். மாமா பக்கத்துக் கடையில் நாசி கண்டார் சோறு சாப்பிடப் போனார். அப்பா குளிக்கப் போனார்.

கார் நிறுத்துமிடத்தின் கோடியில், பெரிய மரத்தடியில் ஒரு முனீஸ்வரர் இருந்தார். தகரக் கூரை, சிமெண்டு மேடை, இடது பக்கத்தில் ஆள் உயரத்துக்குச் சூலம். சூலத்தில் மஞ்சள் துணி சுற்றி எலுமிச்சம்பழம் குத்தியிருக்கும். எங்கள் பக்கத்தில் வண்டி ஓட்டிப் பிழைக்கிறவர்களுக்கு அவர்தான் காவல். புது வண்டி வாங்கினாலும், வண்டிக்குப் புதுசாக எதையாவது மாட்டினாலும் அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார்கள். விளக்காக இருந்தால் முதல் வெளிச்சம் அவர் மேல்தான் விழ வேண்டும். பகலில் போட்டுப் பார்த்தது கணக்கில் வராது என்று அம்மா சொல்லிவிட்டார்.

பொழுது சாயும் நேரத்துக்கு வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அந்தப் பக்கத்து வீடுகளில் இருந்து பத்துப் பேருக்கு மேல் வந்திருந்தார்கள். வாசலுக்கு வந்து பேசிய அந்த அக்காவும் வந்திருந்தார். பூசாரி பகலில் ஒரு வங்கி வாசலில் காவலுக்கு நிற்கும் ஜாகா வேலை பார்ப்பவர். சீருடைக் காற்சட்டைக்கு மேல் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து, வேனுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, முன்சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். மாமா சூலத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கையைக் காட்டினார்.

அப்பா சுவிட்சைத் தட்டினார். 'டக்'. முனீஸ்வரரின் மீசையும் வெள்ளிக் கண்ணும் மின்னின. சூலம் அடி முதல் நுனி வரைக்கும் பளபளத்தது. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"வாங்க மச்சான், மெதுவா வாங்க. பழம் நசுங்கிருச்சு. போதும், அப்படியே வலது பக்கம் ஒடிச்சு ரோட்டுக்குப் போயிருங்க."

வேன் வலது பக்கம் ஒடியவில்லை. இடது பக்கமாக நகர்ந்து வந்தது. மாமா இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்றார். அந்த வெளிச்சத்தில் அவருடைய சட்டைப் பொத்தான்கூட எனக்குத் தெரிந்தது. வேன் நேராகப் போய்ச் சூலத்தின் மேல் மோதியது. மாமா தாவி விலகினார். சூலம் சாய்ந்து மேடையில் விழுந்து, அகல் விளக்கு உடைந்து, எண்ணெய் முனீஸ்வரரின் காலடியில் ஓடியது.

கூட்டம் இரண்டடி பின்னால் நகர்ந்தது.

மாமாதான் முதலில் வேனின் கதவருகே போனார். நான் அம்மாவின் பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் மெதுவாகப் பேசியது எங்கள் இருவருக்கும் கேட்டது.

"மச்சான், நான் அங்கதான் நின்னேன். ரெண்டு கையையும் ஆட்டினேன். நீங்க பாக்கலியா?"

"வெளிச்சம் பத்தல" என்றார் அப்பா. அவர் கண் நேராக முன்னால் பார்த்தபடியே இருந்தது.

மாமா தன் கையை எடுத்து அப்பாவின் காதுக்குப் பக்கத்தில், முகத்துக்கு ஒரு சாண் தள்ளி, விரலை விரித்து மேலும் கீழும் அசைத்தார். அப்பா திரும்பவில்லை. இமைகூட அசையவில்லை. மாமா இந்த நேரத்திலும் விளையாடுகிறார், அப்பா கோபத்தில் கண்டுகொள்ளாமல் இருக்கிறார் என்று நினைத்தேன்.

பூசாரி கீழே கிடந்த சூலத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். "இந்த வெளிச்சம் வேணாம்னு சாமி தட்டி விட்டுருச்சு. எங்கயோ சுத்தக் குறைவு. லைட்டு போட்டது யாரு?"

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள்.

"மத்தியானம் என்னப்பா சாப்பிட்ட?"

"நாசி கண்டார். ஆட்டுக்கறி."

"குளிச்சியா?"

மாமா அப்பாவைப் பார்த்தார். அந்த அக்காவைப் பார்த்தார். சுற்றி நின்ற எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். "இல்ல. குளிக்காமத்தான் வந்து நின்னேன். தப்பு என்னுதுதான்" என்றார்.

வருடத்துக்கு ஒருமுறை ஆடு வாங்கிக்கொண்டு, சுருட்டும் பிடிக்கிற சாமி அவர். ஒரு தட்டு நாசி கண்டாருக்கா கோபித்துக்கொள்வார் என்று அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. கேட்கிற அளவுக்கு எனக்கும் வயதில்லை. அம்மா எல்லோர் முன்னாலும் மாமாவின் கன்னத்தில் அறைந்தார். அவர் பையை எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.

பரிகாரம் முடிகிற வரைக்கும் அந்த விளக்கைப் போடக் கூடாது என்று சொல்லி, பூசாரி சுவிட்சின் மேல் மஞ்சள் துணியைச் சுற்றிக் கட்டிவிட்டார். அம்மா விரதம் இருந்தார். புதுச் சூலம் அடிக்கக் கொடுத்தோம். மாமா இரண்டு தரம் வந்தார். அம்மா அவரை உள்ளே விடவில்லை. படிக்கட்டில் நின்றபடியே அவர் சொன்னதைக் கதவுக்குப் பின்னால் இருந்து கேட்டேன்.

"அக்கா, லைட்டுல ஒண்ணும் இல்ல. மச்சான கண்ணு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ."

"எழுத்தெல்லாம் படிச்சுக் காட்டித்தான லைசென்ஸ் வாங்கிட்டு வந்தாரு. செஞ்ச பாவத்த மறைக்க அவரு கண்ணப் பத்திப் பேசுறியா? யார் காதுலயாவது விழுந்தா எங்க சோத்துல மண்ணுதான். போடா."

அப்பா வீட்டுக்குள்தான் இருந்தார். வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகு சாயங்கால நடைக்கு அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தார். முன் சீட்டில் உட்கார வைத்துப் பெல்ட்டைப் போட்டுவிடுவார். "நாம ஒரு விளையாட்டு விளையாடுவோம். ரோட்டுல என்னென்ன வருதுன்னு நீ சொல்லிக்கிட்டே வரணும். நான் பாக்குறதும் நீ பாக்குறதும் ஒண்ணா இருக்கான்னு பாப்போம்."

அதைவிடப் பெரிய சந்தோஷம் எனக்கு அந்த வயதில் கிடைத்ததில்லை. முன் சீட்டு என்பது மூத்தவனான என் அண்ணனுக்குக்கூடக் கிடைக்காத இடம். "இடது பக்கம் மோட்டார் வருதுப்பா. ஒரு மலாய்க்கார மாக்சிக் ரோட்டத் தாண்டுறாங்க. முன்னால கார் பிரேக் போடுது" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே வருவேன். "சரியா சொன்ன, சரியா சொன்ன" என்பார் அப்பா. பின்னால் இருந்த பெண்கள் எனக்குச் சின்ன கண்டக்டர் என்று பெயர் வைத்தார்கள். கச்சாங் கடலைப் பொட்டலம் வாங்கிக் கொடுப்பார்கள். நான் சொல்லச் சொல்ல அப்பாவின் கை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டே போகும். விரல் எலும்பு வெளுத்துத் தெரியும். அது ஆட்டத்தில் ஜெயிக்கும் ஆசை என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் கச்சாங்கை உரித்துக்கொண்டிருந்தபோது நிமிர்ந்து பார்த்தேன். ஒரு கிழவர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். "சைக்கிள்" என்றேன். அப்பா பிரேக்கை மிதித்த மிதியில் பின்னால் எல்லோரும் சீட்டில் முட்டிக்கொண்டார்கள். கிழவர் ஒன்றும் தெரியாமல் போய்க்கொண்டே இருந்தார்.

"என்னண்ணே, ரோட்டு விளக்கு இவ்வளவு எரியுது, அது தெரியலியா?" என்று அந்த அக்கா கேட்டார்.

அப்பா மறுபடியும் கியரைப் போட்டு வேனை நகர்த்தினார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

இதை அம்மாதான் மாமாவிடம் போனில் சொன்னார். திட்டுவதற்காகச் சொன்னார். "உன்னால லைட்டும் இல்லாம போச்சு. பிள்ளைய முன்னால உக்கார வெச்சுக்கிட்டு ஓட்டுறாரு மனுஷன். நீ நல்லா இருப்பியா?"

மறுநாள் சாயங்காலம் மழை தூறிக்கொண்டிருந்தது. பெண்கள் வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். நான் என் இடத்தில் பெல்ட் போட்டுக்கொண்டு தயாராக இருந்தேன். பாங்கு கேட்டுக்கொண்டிருந்தது. அப்பா சாவியைத் திருகும்போது, நனைந்தபடியே மாமா வந்தார். யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. என் பக்கத்துக் கதவைத் திறந்தார். பெல்ட்டைக் கழற்றினார். என்னைத் தூக்கிக்கொண்டுபோய்ப் படிக்கட்டின் மேல்படியில் இறக்கிவிட்டார். பிறகு திரும்பிப்போய் வேனின் பக்கக் கதவை இழுத்துத் திறந்தார்.

"அக்கா, எல்லாரும் எறங்குங்க."

"ஏன் தம்பி? ராத்திரி வேலைக்கு நேரமாச்சு லா."

"லைட்டுக்கு வயரிங் செஞ்சது நான்தான். ஃபியூஸ் போடாம ரிலேக்கு நேரா பேட்டரியில இருந்து இழுத்துட்டேன். வயர் உரசுனா தீப்புடிச்சிரும். டேங்க் பக்கத்துல போகுது."

"சுவிட்சதான் துணி போட்டுக் கட்டியிருக்கே. போடாம ஓட்டுனா?"

"போடாட்டியும் பேட்டரி கரண்டு அந்த வயர்ல நிக்கும்கா. எனக்கு வேல தெரியாது. காசுக்கு ஆசப்பட்டு அரகுறையா செஞ்சுட்டேன். இந்த வண்டியில ஏறாதீங்க. உங்க கால்ல வேணும்னாலும் விழுறேன்."

பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஒரு மலாய்க்காரப் பெண் இறங்கும்போது அப்பாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். அந்த அக்கா மாமாவின் முகத்துக்கு நேராக, "நீயெல்லாம் ஒரு மனுசனா? சொந்த அக்கா வீட்ட கொளுத்தப் பாத்தியே" என்று கேட்டார். மாமா தலையைக் குனிந்து நின்றார்.

அப்பா இஞ்சினை அடைத்துவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் இறங்கி மாமாவை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் வாயே திறக்கவில்லை. மழை கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. என் இடத்தைப் பிடுங்கிக்கொண்டாரே என்று நான் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த வாரமே அந்தப் பெண்கள் வேறொரு வேனில் போக ஆரம்பித்தார்கள். தீப்பிடிக்கிற வேன் என்று பெயர் வந்த பிறகு யார் ஏறுவார்கள்? வந்த விலைக்கு அதை விற்றோம். அப்பா கொஞ்சகாலம் ஒரு கிடங்கில் காவலுக்கு இருந்தார். பகல் வேலையாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு பகலிலும் சுவரைத் தடவி நடக்க வேண்டியதாகிவிட்டது. அப்போதுதான் அம்மா அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். ஓரப் பார்வையும் இருட்டுப் பார்வையும் முதலில் போய், நடுப்பார்வை கடைசி வரைக்கும் நிற்கிற நோய் அது, மருந்து கிடையாது, பல வருடமாகவே இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். அப்பாவுக்கு முழுக்க இருட்டிப் போனபோது எனக்குப் பதினாறு வயது. அம்மா அதே தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். வேறு யாரோ ஓட்டிய வேனில், அதே அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போய் வந்தார்.

ஃபியூஸ் போடாத வயரிங்காரன் என்ற பேச்சு கடல் தாண்டிப் பட்டர்வொர்த்துக்கும் போய்விட்டது. கடையில் மாமாவை நிறுத்திவிட்டார்கள். வேறு கடையும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஜோகூருக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம். நான் பெரியவளானபோது தாய்மாமன் சீர் கொண்டுவர ஆள் இல்லை. தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரை மாமா இடத்தில் நிற்க வைத்துச் சேலையைக் கொடுக்கச் சொன்னார்கள். அவருக்கு என் பெயர்கூடச் சரியாகத் தெரியாது. அம்மா சமையலறையில் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றார். தம்பியின் துரோகத்தை நினைத்து அழுகிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார், பாவம்.

எனக்குக் கல்யாணமாகிச் சிம்பாங் அம்பாட்டுக்கு வந்த பிறகு, ஒருநாள் அப்பா அம்மாவைப் பார்க்கக் கெலுகோர் போயிருந்தேன். அன்றைக்குத்தான் ஜோகூரிலிருந்து போன் வந்தது. மாமா மஞ்சள்காமாலையில் இறந்து, அங்கேயே எடுத்தும் முடித்துவிட்டார்கள். சொல்ல வேண்டிய ஆட்கள் யார் என்று அங்கிருந்தவர்களுக்குத் தெரிய அத்தனை நாளாகியிருக்கிறது. அம்மா போனை வைத்துவிட்டு, "போனா போறான். குடும்பத்தக் கெடுத்தவன்" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

சோபாவில் இருந்த அப்பா, "ஃபியூஸ் இருந்துச்சு" என்றார்.

அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

"லைட்டு மாட்டின அன்னைக்கு அந்த ஃபியூஸ அமுக்கி வெச்சதே நான்தான். அவன் புடிச்சுக்கிட்டு இருந்தான், நான் என் கையால அமுக்கினேன். வயரிங்ல ஒரு குறையும் இல்ல."

"அப்ப ஏன் அன்னைக்கே சொல்லல?" என்று அம்மா கேட்டார்.

"நான் அத சொல்லியிருந்தா அவன் நெசத்த சொல்லியிருப்பான். குருட்டுப் பய வேன் ஓட்டுறான்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். வயரிங் சரின்னு எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரியும். அதான் ரெண்டு பேரும் பேசல."

அதற்கு மேல் அப்பா அதைப் பற்றிச் சாகும்வரை பேசவில்லை. அம்மா அன்றைக்குச் சாமி மேடைக்கு விளக்கேற்றவில்லை. நான்தான் ஏற்றினேன். ஏற்றிவிட்டு என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றேன். மாமாவைத் திரும்பக் கொடு என்று கேட்க முடியாது. அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றால் அதற்கும் வழியில்லை. அவரை எங்கே எரித்தார்கள், சாம்பலை யார் கரைத்தார்கள் என்பதுகூட இன்றுவரை எனக்குத் தெரியாது.

முனீஸ்வரர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அன்றைக்கு அவர் தன் சூலத்தையே கீழே தள்ளி எங்களுக்குச் சொன்னார் என்றுதான் நம்புகிறேன். அதைவிடச் சத்தமாக ஒரு சாமி எப்படிச் சொல்லும்? நாங்கள் ஒரு தட்டு ஆட்டுக்கறியைப் பிடித்துக்கொண்டோம். அவர் சொன்னதைச் சரியாகக் கேட்ட ஒரே ஆளைக் கன்னத்தில் அறைந்து அனுப்பினோம்.

அன்றைக்கு மழையில் வந்த மாமா அப்பாவிடம் பேசவில்லை, அந்தப் பெண்களிடமும் முதலில் பேசவில்லை. முதலில் என் பெல்ட்டைக் கழற்றினார். ஒன்பது வயதில் நான் கண்டதெல்லாம் கையை விட்டுப் போன முன் சீட்டு ஒன்றுதான்.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். வீட்டில் யாராவது விளக்கு மங்கல் என்று சொல்லிக்கொண்டே இருந்தால், சாமியிடமும் வேண்டிக்கொள்ளுங்கள், கண்ணையும் காட்டுங்கள். ஆனால் சொல்லும்போது உள்ளபடியே சொல்லுங்கள். சாமி கோபித்தது என்று சேர்க்காதீர்கள். கடைசியில் எல்லோரும் ஒன்று சேர்ந்தார்கள் என்று மனசுக்கு ஆறுதலாக எதையும் ஒட்டாதீர்கள், அப்படி நடக்கவில்லை. சுருக்கிச் சொல்ல வேண்டியிருந்தால் எங்களைப் பற்றியதை எல்லாம் விட்டுவிடுங்கள். அந்த வேனில் ஃபியூஸ் இருந்தது, என் மாமா செய்த வயரிங் சரியாக இருந்தது என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.